ஆர் 62: வளர்ச்சி தாமதித்த குழந்தைக்கு மருத்துவப் பதிவேடு இடும் எண்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கிய அச்சு வடிவம்)

எதிர்பார்த்த இயல்பான உடல் வளர்ச்சி ஒரு குழந்தையிடம் காணப்படவில்லை என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு அதற்கு ஆர் 62 என்ற எண்ணைத் தருகிறது. ஐசிடி-10 எனப்படும் அந்தப் பத்தாம் திருத்தத்தை 1990 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. 1994 முதல் உறுப்பு நாடுகள் கைக்கொண்டன. இந்த எண்ணுக்கு மூன்று கிளைகள். நடக்கவோ பேசவோ தாமதிக்கும் குழந்தைக்கு 62.0. எடை ஏறாத, உயரம் கூடாத, உடல் தேறாத குழந்தைக்கு 62.8. எதுவென்று எழுதப்படாத நிலைக்கு 62.9. அமெரிக்கா இதே பகுப்பைத் தன் மருத்துவமனைகளுக்கு ஏற்றபடி விரித்து 2015 அக்டோபரிலிருந்து பயன்படுத்துகிறது. அங்கே தேறாத குழந்தைக்கு 62.51, குட்டையான குழந்தைக்கு 62.52 எனத் தனித்தனி எண்கள் உண்டு.

மெடிக்கல் கோடிங் படித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போகும் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து இளைஞர்களுக்கு இந்த அமெரிக்க எண்கள் மனப்பாடம். எங்கோ ஒரு மாநிலத்தில் எடை ஏறாத குழந்தையின் கோப்பில் 62.51 இடுவது அவர்களுடைய அன்றாட வேலை. அவர்கள் தெருவில் அதே நிலையில் இருக்கும் குழந்தையின் ஓ.பி. சீட்டில் எந்த எண்ணும் இல்லாமல் போவதுதான் வழக்கம். எண் இருந்தாலும் அது சீட்டோடு நின்றுவிடுகிறது.

இந்தச் சொற்பொழிவு அவையோர்முன் வைக்கும் கருத்து ஒன்றே. காரணத்தைத் தேடும் வேலை எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்பதையே ஆர் 62 காட்டுகிறது. ஏன் நின்றது, எப்போது மறுபடி தொடங்கும் என்ற இரண்டும் கூடவே எழுதப்படாவிட்டால் அந்த எண்ணால் குழந்தைக்கும் பயனில்லை, மாவட்டக் கணக்குக்கும் பயனில்லை. 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தின் தோல் தொழில் ஊர்களை வைத்து இது இங்கே விளக்கப்படுகிறது.

1. ஆர் என்ற எழுத்து ஐசிடி-10இன் பதினெட்டாம் அத்தியாயத்துக்கு உரியது. அறிகுறிகளும், பரிசோதனையில் கண்ட மாறுதல்களும், வேறெங்கும் அடங்காத நிலைகளும் அங்கே சேர்கின்றன. அத்தியாயத்தின் முகப்பில் ஒரு குறிப்பு உள்ளது. எண் தேடும் அவசரத்தில் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இந்த எண்கள் எப்போது பொருந்தும் என்று அது ஆறு நிலைகளைச் சொல்கிறது: எல்லாம் ஆராய்ந்தும் மேற்கொண்டு துல்லியமாகச் சொல்ல முடியாதது, வந்து தானே மறைந்து காரணம் பிடிபடாதது, தற்காலிகமாக ஒரு பெயர் எழுதப்பட்டு நோயாளி திரும்பி வராதது, நோய் தீர்மானமாகும் முன்பே வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது, வேறு ஏதோ காரணத்தால் துல்லியம் கிட்டாதது, அறிகுறியே தனக்குரிய மருத்துவப் பிரச்சினையாக நிற்பது.

இந்த ஆறும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவு! முதல் வகையில் மருத்துவம் தன்னால் இயன்றதெல்லாம் செய்து முடித்திருக்கிறது. மூன்றாவதிலும் நான்காவதிலும் இன்னும் தொடங்கவே இல்லை எனலாம். பதிவேட்டில் ஆறுக்கும் ஒரே எண். மாவட்ட அளவில் ஆர் 62 இத்தனை பேர் என்று ஒரு கணக்கு வந்தால், அதில் காரணம் பிடிபடாத குழந்தைகள் எத்தனை, மறுபடி வராத குழந்தைகள் எத்தனை என்று பிரிக்க வழியே கிடையாது.

ஆம்பூரில் ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இது விளக்கத்துக்காக அமைத்தது, எவர் வீட்டுக் கதையும் அன்று. தாய் வீட்டிலிருந்தபடியே ஷூவின் அப்பர் தைக்கிறார்; கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று. தந்தை தோல் கம்பெனியில் தினக்கூலி. பெண் குழந்தைக்கு 20 மாதம்; பிடித்துக்கொண்டு நிற்கிறது, தனியே நடக்கவில்லை. எடை 7.8 கிலோ, நீளம் 75 செ.மீ. மருத்துவர் சீட்டில் வளர்ச்சித் தாமதம் என்று ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதி, தைராய்டு சோதனைக்கு ஒரு வரியும், இரண்டு வாரத்தில் வரவும் என்று ஒரு வரியும் சேர்க்கிறார். அந்த இரண்டு வாரத்தில் அப்பர் கட்டை முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது, அவள் அப்பாவும் லேட்டாகத்தான் நடந்தாராம் என்று பாட்டி சொல்கிறார். சீட்டு அலமாரியில் கிடக்கிறது, பதிவேட்டில் இட்ட ஆர் 62.0 நிலைத்துவிடுகிறது.

2. எண்ணுக்கு முன்னால் அளவு சரியாக இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து நீளம் அளக்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் நிற்க வைத்து உயரம். ஒரே குழந்தையைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளந்தால் சராசரியாக 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். அளவுப் பலகையில் ஒருவர் தலையைத் தலைப்பலகையோடு ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை அழுத்தி நீட்டிப் பாதத்தட்டை நகர்த்த வேண்டும். அங்கன்வாடியில் பணியாளர் ஒருவரே இருந்து குழந்தை அழுது உதைத்தால் கிடைக்கும் எண்ணை நம்பக் கூடாது.

வயதும் அப்படியே. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது இரண்டு வயது வரை வழக்கம். இரண்டு மாதம் முன்கூட்டிப் பிறந்த பத்து மாதக் குழந்தையை எட்டு மாதத்து அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் 62.0 இட்டால், இல்லாத தாமதம் ஒன்று பதிவாகிவிடும்.

தாமதம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் தெற்கு தில்லிக் குழந்தைகள் உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து எல்லை வகுத்துள்ளது. துணையில்லாமல் உட்கார 3.8 முதல் 9.2 மாதம், தனியே நடக்க 8.2 முதல் 17.6 மாதம். நல்ல நலத்துடன் வளரும் குழந்தைகளிலும் நூற்றில் ஒன்று 17.6ஐத் தாண்டித்தான் நடக்கிறது. எனவே எல்லை கடந்தது என்றால் பார்க்கவேண்டும் என்று பொருள், அவ்வளவே.

பேச்சில் சிக்கல் வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் பல வீடுகளில் உருதுதான் வீட்டு மொழி. இரண்டு வயதுக் குழந்தை இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா என்பதைத் தமிழில் கேட்டு, இல்லை என்று குறித்துக்கொள்வது பரிசோதகரின் குறை. அதற்கும் முன்னால் காது கேட்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடப்பதாக ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பிறவிச் செவித்திறன் குறைவு அத்தகைய குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுவது மருத்துவர்கள் அறிந்ததே. காது கேளாத குழந்தைக்கு எச் 90 என்று வேறு எண் இருக்கிறது. பேச்சுத் தாமதம் என்ற பெயரில் அது மறைந்துபோகக் கூடாது.

3. ஆர் 62ஐச் சுற்றி வேலி உண்டு. பருவமடைதல் தாமதித்தால் இ 30.0, அது இங்கே சேராது. ஊட்டமின்மையால் வளர்ச்சி குன்றினால் இ 45. மூளை முடக்குவாதம் ஜி 80. டவுன் நோய்த்தொகுதி கியூ 90. தைராய்டு வீக்கமில்லாத பிறவித் தைராய்டுக் குறைபாடு இ 03.1. இவற்றில் ஒன்று உறுதியான உடனே ஆர் 62 விலகி வழிவிட வேண்டும்.

மேலே சொன்ன 20 மாதக் குழந்தைக்குத் திரும்புவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அட்டவணையில் வயதுக்கேற்ற எடையும் வயதுக்கேற்ற நீளமும் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட திட்ட விலக்கம் கீழே இருக்கின்றன. எடையை மட்டும் பார்ப்பவர் இ 44.0, அதாவது நடுத்தரப் புரத-ஆற்றல் ஊட்டமின்மை என்பார். நடக்காததைப் பார்ப்பவர் ஆர் 62.0 என்பார். நீளத்தைப் பார்ப்பவர் இ 45க்குப் போகலாம். நீளத்துக்கேற்ற எடையைக் கணக்கிட்டால் படம் மாறுகிறது: குழந்தை குட்டை, ஆனால் மெலிவு இல்லை. மெலிவில்லாத குட்டைமை, தாமதித்த நடை, இவற்றோடு மலச்சிக்கலும் வறண்ட தோலும் கரகரத்த அழுகையும் இருந்தால், தைராய்டு சோதனை ஒன்றே மூன்று எண்களையும் நீக்கி இ 03.1 என்ற ஒரே எண்ணில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். பிறந்த முதல் சில வாரங்களில் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி ஏறக்குறைய முழுதும் காக்கப்படும் குறைபாடு இது. நாள் தள்ளத் தள்ள இழப்பு மீளாது. சீட்டில் நின்றுபோன அந்த ஒரு வரியின் விலை இங்கே தெரிகிறது.

அமெரிக்க விதியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளிநோயாளிப் பதிவில் மருத்துவர் இந்த நோயாக இருக்கலாம் என்று எழுதினால், கோடர் அந்த நோயின் எண்ணை இடக்கூடாது. அறிகுறியின் எண்ணைத்தான் இட வேண்டும். உள்நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது அதே சந்தேகத்தை எழுதினால், அது இருப்பதாகவே வைத்து எண் இடலாம். ஒரே குழந்தை, ஒரே சந்தேகம். கட்டில் கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்து இரண்டு எண்கள்.

4. வேலூருக்கு இந்த விவாதத்தில் ஒரு தனியிடம் உண்டு. 2002இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் சின்ன அல்லாபுரம், கஸ்பா முதலிய நெருக்கமான குடியிருப்புகளில் 452 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடரத் தொடங்கினார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகள் நிறைந்த பகுதி அது. அடுத்து, எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வின் இந்தியக் களமும் வேலூரே. ககன்தீப் காங் தலைமையில் 251 குழந்தைகள் 2010 முதல் 2012 வரை சேர்க்கப்பட்டார்கள். எடை, நீளம், உணவு, மலத்தில் உள்ள கிருமிகள், பின்னர் அறிதிறன் என எல்லாம் தொடர்ந்து அளக்கப்பட்டன. ஐந்தாம் வயது அறிதிறனைப் பீனா கோஷி முதலிய வளர்ச்சியியல் குழந்தை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள்.

எட்டு நாடுகளின் தரவிலும் சேர்ந்து வெளிப்பட்ட செய்தி எண்ணிடுபவர்களுக்குச் சங்கடமானது. வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தையின் குடலிலும் ஷிகெல்லா, கேம்பிலோபேக்டர், ஜியார்டியா போன்றவை இருந்தன. அவை அதிகம் காணப்பட்ட குழந்தைகள் இரண்டு வயதில் குட்டையாக இருந்தார்கள். சோறு போதாமை மட்டும் காரணம் என்று சொல்ல முடியவில்லை. குடிநீர், கழிவுநீர், திரும்பத் திரும்ப வரும் தொற்று எல்லாம் சேர்ந்துகொண்டன. வேலூர்க் குழந்தைகளில் தொடர்ந்து குட்டையாகவே இருந்தவர்கள் ஐந்து வயது அறிதிறன் சோதனையிலும் பின்தங்கினார்கள்.

இப்போது இ 45ஐ எடுத்துப் பாருங்கள். புரத-ஆற்றல் ஊட்டமின்மையைத் தொடர்ந்து வந்த வளர்ச்சிக்குன்றல் என்று அதன் தலைப்பே காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அதை இடுபவர், அறிந்தோ அறியாமலோ, உணவுதான் காரணம் என்று கையெழுத்திடுகிறார். ஆர் 62.8 இடுபவர் காரணம் தெரியாது என்கிறார். வேலூர் ஆய்வின் வெளிச்சத்தில் பெரும்பாலான குட்டைக் குழந்தைகளுக்கு இரண்டாவதே நேர்மையான பதில். 2019இல் ஏற்கப்பட்டு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, வயதுக்கேற்ற உயரமின்மைக்கு 5பி53 என்ற தனி எண் தந்தது நல்ல மாற்றம். அந்த எண்ணையும் ஊட்டக்குறைவுப் பிரிவுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் என்பது குறை. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் என்று ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு கண்டது. அந்த நால்வரில் ஒருவர் எந்த எண்ணுக்குள் வருகிறார் என்பது சிறிய விஷயமன்று.

5. தோல் பதனிடும் ஊர்களில் எழும் கேள்வி பாலாற்று நீரைப் பற்றியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. அந்தக் கணக்கு நிலத்துக்கும் நீருக்கும் போடப்பட்டது.

வளர்ச்சி தாமதித்த குழந்தையைக் கண்டதும் குரோமியம் என்று சொல்லிவிட இங்கே நாக்கு துடிக்கும். பதிவேடு அதற்கு இடம் தரக்கூடாது. குரோமியத்தின் நச்சு விளைவுக்கு டி 56.2, ஈயத்துக்கு டி 56.0 என்று எண்கள் உள்ளன. அவை அளந்து உறுதி செய்த பின்னரே பொருந்தும். மால்-எட் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் அளக்கப்பட்டு, அதற்கும் பின்னாளைய அறிதிறனுக்கும் தொடர்பு ஆராயப்பட்டது. ஈயத்துக்குப் பெயின்ட், பழைய பேட்டரி எனப் பல வாசல்கள் உண்டு. தோல் கம்பெனியைக் கைகாட்டினால் மற்றவை தப்பிவிடும். காரணம் என்று சொல்லாமல் சூழல் என்று மட்டும் குறிக்க இசட் 58.2 இருக்கிறது: மாசுபட்ட நீருக்கு ஆட்பட்டிருத்தல். மண்ணுக்கு 58.3. இரண்டாம் வரியில் துணை எண்ணாக இவற்றை இடத் தடையில்லை. பத்தாண்டு அப்படி இட்டிருந்தால், ஊரும் நீரும் குழந்தையும் எப்படிச் சேர்கின்றன என்று கேட்கவாவது தரவு இருந்திருக்கும்.

6. எண் வெறும் கணக்கோடு முடிவதில்லை. அதைப் பொறுத்தே சில கதவுகள் திறக்கின்றன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் 2018இல் வெளியான சான்றளிப்பு நெறிமுறை, ஒன்று முதல் ஐந்து வயது வரையான குழந்தைக்கு ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்ற பெயரிலும், ஐந்துக்கு மேல் அறிவுசார் குறைபாடு என்ற பெயரிலும் சான்று வழங்க வகைசெய்தது. அமெரிக்கப் பதிப்பில் அந்தத் தாமதத்துக்கு எஃப் 88. உலகப் பதிப்பில் அதே எண்ணின்கீழ் அந்தப் பெயர் அச்சிடப்படவில்லை. எனவே பதிவாளர் கைபோன போக்கில் ஆர் 62.0 இட்டுவிடுவதும், சான்றுக்குப் போன பெற்றோரிடம் இது அறிகுறிதானே, நோயின் பெயர் எங்கே என்று கேட்பதும் நடக்கக்கூடியவை.

ஷூ கம்பெனியில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பெண்ணின் குழந்தைக்கு இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. அதே கம்பெனிக்கு வீட்டிலிருந்து அப்பர் தைத்துக் கொடுப்பவர் சம்பளப் பட்டியலில் இல்லாததால் அவர் குழந்தைக்கு இல்லை. அந்தக் குழந்தைக்கு வாய்ப்பு, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் நடமாடும் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும் நாள்தான். அந்தக் குழுவின் படிவத்தில் நோய்களுக்கு வேறு வரிசை எண்கள். அங்கிருந்து மருத்துவமனைக்குப் போனால் ஐசிடி எண். இரண்டையும் இணைக்கும் கயிறு தாயின் கையிலுள்ள காகிதம் மட்டுமே.

7. தற்காலிக அடையாளத்துக்குக் கெடு வைக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டது. எடை ஏறாமல் தடுமாறும் குழந்தைக்கு மட்டும் துணை உணவு. 90 நாள் கழித்து மறுபடி பார்த்து, ஏறியிருந்தால் நிறுத்தினார்கள், ஏறாவிட்டால் மேல் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. மூன்று வயதுக்குப் பின் என்ன என்று அது கேட்கவில்லை. தடுமாற்றம் என்ற அடையாளம் ஒரு குழந்தையின்மேல் கேள்வியில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்க அது விடவில்லை என்பதே இங்கே வேண்டிய பாடம்.

ஆர் 62 இடும்போது மூன்று குறிப்புகள் சேர்ந்தால் போதும். பதினெட்டாம் அத்தியாயம் சொல்லும் ஆறு நிலைகளில் எது என்பது ஒன்று. எந்தச் சோதனை பாக்கி என்பது இரண்டாவது. எந்தத் தேதிக்குள் எண்ணை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. தேதி கடந்தும் குழந்தை வராவிட்டால், தேடிப் போவதற்குக் கிராம சுகாதார செவிலியரின் பட்டியலில் அந்தப் பெயர் தானாக ஏற வேண்டும். இதற்குப் புதிய மென்பொருள் கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. பேரேட்டில் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டாலே ஆகும்.

எல்லாச் சோதனையும் முடிந்து, மரபணு ஆய்வும் பார்த்து, காரணம் பிடிபடாமலே சில குழந்தைகள் எஞ்சுவார்கள். அவர்களுக்கு ஆர் 62 நிலையான எண்ணாகவே இருக்கும், அதில் பிழையில்லை. இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் காரணம் தெரிந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்ற விதி எங்கும் கிடையாது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டதே தாமதம் கண்ணில் பட்ட அன்றே அவற்றைத் தொடங்குவதற்காகத்தான்.